தானாக முளைக்கும் பூ என்றால் இளக்காரமா?

சித்திரை பிறந்துவிட்டால் பல வீட்டு வாசலில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தை மாதத்தில் ஆசையாக வாங்கி வைத்த ரோஜாச் செடி, இலை கருகி, வெறும் குச்சியாக நிற்கும்.

செடி விற்றவர் மேல் குற்றம் இல்லை. தண்ணீர் ஊற்ற மறந்த மருமகள் மேலும் குற்றம் இல்லை. குடிதண்ணீருக்கே குடத்தோடு குழாயடியில் காத்து நிற்கிறாள் அவள். ரோஜாவுக்கு யார் இன்னொரு குடம் சுமப்பது?

செடியைத் தேர்ந்தெடுத்ததுதான் தவறு.

வெயில் அடிக்கும் வாசலுக்கு, வெயிலை விரும்பும் செடி வேண்டும். அது பூக்க வேண்டும். விதையைத் தானே உதிர்க்க வேண்டும். மறுபடியும் தானே முளைக்க வேண்டும். அப்படிச் செடி உண்டா? நிறைய உண்டு. "தெருவில் கிடக்கிற செடிதானே!" என்று யாரும் அவற்றை மதிப்பது இல்லை. அவ்வளவுதான்.

மாலையில் மலரும் பூ

அந்திமந்தாரையை எடுத்துக் கொள்ளுங்கள். மாலை 4 மணி சுமாருக்கு மலரும். இரவெல்லாம் மணக்கும். காலை வெயில் ஏறியதும் வாடிவிடும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறம் உண்டு. சில செடிகளில் ஒரே பூவில் இரண்டு நிறம் கலந்து இருக்கும்.

அதன் விதை மிளகு போலக் கறுப்பாக இருக்கும். விழுந்த இடத்தில் முளைக்கும். மேலே செடி காய்ந்தாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். இதைவிட என்ன வேண்டும்?

வாடாமல்லியும் அப்படித்தான். பறித்துப் பல நாள் ஆனாலும் நிறம் போகாது. கோழிக்கொண்டையில் ஒரு பூவைக் கையில் தேய்த்தால் போதும். கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள் ஏராளமாகக் கொட்டும். "பத்துமணிப் பூ" என்று சொல்லும் பட்டுரோஜாவின் இலை தடிப்பானது. அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் அக்கினி நட்சத்திர வெயிலிலும் சிரிக்கும். ஆனால் ஒற்றை அடுக்குப் பூவாகப் பார்த்து வையுங்கள். அடுக்குப் பூவில் விதை குறைவு.

காசித்தும்பையைக் குழந்தைகளுக்குப் பிடிக்கும். முற்றிய காயைத் தொட்டால் படீர் என்று வெடித்து விதை சிதறும். ஆனால் கோடையில் அது தாகம் தாங்காது. மழைக்காலத்துக்கு விட்டுவிடலாம்.

நித்தியகல்யாணி

இந்தப் பட்டியலில் ராணி இதுதான். மடகாஸ்கர் தீவில் இருந்து வந்த செடி. ஆண்டு முழுவதும் பூக்கும். சுவர் இடுக்கில்கூட முளைக்கும்.

சுடுகாட்டுப் பூ என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். இது வேடிக்கைதான். ஏன் என்றால், உயிர் காக்கும் மருந்து இதில் இருக்கிறது. 1958-ம் ஆண்டில் கனடா நாட்டு விஞ்ஞானிகள் இதன் இலையில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். இதில் இருந்தே வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள்.

அதற்காக வீட்டில் இலையை அரைத்துக் குடித்துவிடக் கூடாது! செடி விஷத்தன்மை உடையது. அந்திமந்தாரை விதையும் வயிற்றுக்கு ஆகாது. சிறு குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படி விதைப்பது?

தை, மாசியில் மண்ணைக் கொத்திக் கொஞ்சம் மக்கிய சாணத்தைக் கலக்க வேண்டும். பொடி விதையாக இருந்தால் மணலோடு சேர்த்துத் தூவ வேண்டும். நித்தியகல்யாணி விதைக்கு மட்டும் மேலே மண் மூட வேண்டும். இருட்டில்தான் அது நன்றாக முளைக்கும். பட்டுரோஜா விதைக்கு வெளிச்சம் வேண்டும். அதை மூடக் கூடாது.

முளைத்து வேர் பிடிக்கும் வரை தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்தச் சில வாரம்தான் பாடு. பிறகு அரிசி கழுவிய தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு முறை ஊற்றினாலே சிறிய பாத்தி பிழைத்துக்கொள்ளும்.

விதையை விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காளிடம் கேட்டால் ஒரு பிடி தருவார். கடையில் விற்கும் கலப்பின விதையின் பூ முதல் ஆண்டு பெரிதாக இருக்கும். அதில் விழும் விதை தாயைப் போலவே பூக்கும் என்று சொல்ல முடியாது.

"தலையில் வைக்க உதவுமா? சாமிக்கு ஆகுமா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். மல்லிகைக்கு ஈடு இல்லைதான். ஆனால் கதம்ப மாலைக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வேண்டியிருக்கிறதே! எல்லாப் பூவும் கொண்டைக்கே போக வேண்டும் என்பது என்ன நியாயம்? காலையில் கதவைத் திறந்ததும் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதாதா?

இன்னொரு கேள்வி நியாயமானது. தானாகப் பரவும் செடி ஊரையே அடைத்துவிடாதா? உண்ணிச்செடி அப்படித்தான் செய்தது. 19-ம் நூற்றாண்டில் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று காடு காடாகப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஆகவே, காட்டை ஒட்டி வீடு இருந்தால் வேலிக்குக்கூட உண்ணிச்செடி வேண்டாம். மேலே சொன்ன பூச்செடிகளோ ஒரு சாண் இருக்கும்போதே கையால் பிடுங்க வரும். நெருக்கமாக முளைத்தால் ஒரு சாணுக்கு ஒரு செடியாக விட்டு, மற்றதை எடுத்துவிட வேண்டும்.

இந்தச் செடிகளுக்கு உண்மையான எதிரி யார்? வெயில் அல்ல. துடைப்பம்!

பூ முடிந்து செடி காய்ந்ததும், "வாசல் அசிங்கமாக இருக்கிறது" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். விதையும் கூடவே போய்விடுகிறது. காய்ந்த செடியை இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும். பிறகு அந்த இடத்திலேயே உதறிவிட்டு எடுக்கலாம். முதல் மழைக்குப் பச்சையாக ஏதாவது தலை நீட்டினால், உடனே களைக்கொத்தைத் தூக்க வேண்டாம். நாலு இலை விடட்டும். புல்லா, பூச்செடியா என்று அப்போது தெரிந்துவிடும்.