பெயரை வாங்கியவர் பதிலும் சொல்ல வேண்டும்

இத்தாலியின் தேசிய விமான நிறுவனமான அலிட்டாலியாவின் கடைசி விமானம் 2021 அக்டோபர் 14 இரவு காலியாரியிலிருந்து ரோமுக்குப் பறந்தது. மறுநாளே ஐடிஏ ஏர்வேஸ் என்ற புதிய அரசு நிறுவனம் சேவையைத் தொடங்கியது. அலிட்டாலியா என்ற பெயரை அது 9 கோடி யூரோவுக்கு வாங்கிக்கொண்டது. 'ஏஇசட்' என்ற விமானக் குறியீடும், சரக்குக்கான ஏர்வே பில்லின் தொடக்கத்தில் வரும் 055 என்ற எண்ணும் அதன் கைக்கு வந்தன. பழைய சுமை மட்டும் வரவில்லை. அலிட்டாலியா முறைகேடாகப் பெற்ற 90 கோடி யூரோ அரசுக் கடனுக்குப் புதிய நிறுவனம் பொறுப்பல்ல என்று ஐரோப்பிய ஆணையம் முந்தைய மாதமே முடிவு சொல்லியிருந்தது.

கடன்காரர்களுக்கு இந்தப் பிரிவினை புரியும். பழைய 055 பில்லை வைத்துக்கொண்டு சரக்குப் பெட்டியைத் தேடுபவருக்கு எப்படிப் புரியும்?

விமானச் சரக்குக்கு ஏர்வே பில் எண்தான் முகவரி. மொத்தம் 11 இலக்கங்கள். முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்த ஏழு வரிசை எண். அந்த எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். சரக்கைப் பெற்றது, ஏற்றியது, இறக்கியது, ஒப்படைத்தது என ஒவ்வொரு கட்டத்தையும் விமான நிலையத்தில் சரக்கைக் கையாளுபவர்கள் பதிகிறார்கள். அவற்றைத் திரட்டிக் காட்டுவது விமான நிறுவனத்தின் கணினி. நிறுவனம் மூடப்பட்டு அந்தக் கணினியும் நின்றுவிட்டால், பெட்டி ஏதோ ஒரு கிடங்கில் பத்திரமாகவே இருக்கும். எந்தக் கிடங்கு என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. சிறு வியாபாரியின் பாடு இன்னும் மோசம். அவர் கையில் இருப்பது சரக்கு அனுப்பும் முகவரான ஃபார்வர்டர் தன் பெயரில் கொடுத்த ஹவுஸ் பில். விமான நிறுவனத்தின் மாஸ்டர் பில் எண்ணே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அலிட்டாலியா முன்கூட்டியே நாள் குறித்து மூடியது. ஹங்கேரியின் மலேவ் விமான நிறுவனமோ 2012 பிப்ரவரி 3 காலையில் திடீரென நின்றது. பாக்கிக்காக அதன் விமானங்கள் டெல் அவிவிலும் டப்ளினிலும் தடுத்து வைக்கப்பட்டன. விமானம் பிணையாக நின்றால், அதன் வயிற்றில் இருக்கும் அடுத்தவர் பொருளும் சேர்ந்தே நிற்கும்.

சட்டம் கைவிட்டுவிட்டதா? ஏட்டளவில் இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான, இந்தியாவும் 2009 முதல் அங்கம் வகிக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, வரவேண்டிய நாளிலிருந்து ஏழு நாள் கடந்தும் சரக்கு வராவிட்டால் பெறுநர் தன் உரிமையைக் கோரலாம். வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நொடித்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பவர் கடன்காரர்களின் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். காப்பீட்டை நம்பலாம் என்றால், விமான நிறுவனம் நொடிப்பதால் வரும் இழப்பைப் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன.

மற்றவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது. அலிட்டாலியா பயணச்சீட்டுகளுக்குப் பணம் திருப்பித் தர இத்தாலிய அரசு 10 கோடி யூரோ ஒதுக்கியது. இந்தியாவில் 2023-இல் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றபோது குத்தகை விமானங்கள் முடங்கின. 2025-இல் விமானத்தைக் குத்தகைக்கு விடுபவர்களின் உரிமையைக் காக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. விமானத்தின் உரிமையாளருக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசியாவது அதில் போன பெட்டியின் உரிமையாளருக்குக் காட்ட வேண்டாமா?

பழைய பொறுப்புகளைத் தலையில் கட்டினால் வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். கடனைச் சுமக்கும்படி நாம் கேட்கவில்லை. சரக்கு ஒருபோதும் விமான நிறுவனத்தின் சொத்தல்ல. நம் திவால் சட்டமே, ஒப்படைப்பின் பேரில் கையில் இருக்கும் பிறர் பொருளை நொடித்தவரின் சொத்துக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது. நாம் கேட்பது தகவல். பெயரையும் குறியீட்டையும் கோடிகள் கொடுத்து வாங்குபவருக்கு, பழைய பதிவேட்டைத் திறந்து வைப்பது பெரிய செலவல்ல.

எனவே மத்திய அரசு மூன்று விதிகளை வகுக்க வேண்டும். விமான நிறுவனம் நின்ற 15 நாளுக்குள், எந்த நிலையத்தில் எந்த பில்லுக்குரிய சரக்கு இருக்கிறது என்ற பட்டியலைத் திவால் நிர்வாகி வெளியிட வேண்டும். சரக்குப் பதிவுகள் இரண்டு ஆண்டுக்குத் தேடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். வழக்குக்கு அவ்வளவு காலம் கொடுத்துவிட்டு ஆதாரத்தை அழிப்பது நியாயமல்ல. சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி, இறக்கிய 30 நாளுக்குள் விடுவிக்காத சரக்கை அறிவிப்புக் கொடுத்து விற்றுவிடலாம். இத்தகைய சரக்குக்கு அந்தக் கெடுவும் டெமரேஜ் எனும் கிடங்கு வாடகையும் பட்டியல் வெளியான நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

தன் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரிடமிருந்து வாடகை வசூலிப்பதும், பிறகு அதையே ஏலம் விடுவதும் அநீதி. அடுத்த விமான நிறுவனம் நொடிப்பதற்குள் அரசு இதைத் திருத்த வேண்டும்.