அடைக்கலத்திற்கு நாள் குறிப்பது யார்?

போரிலிருந்து உயிர் தப்பி வருபவருக்குக் கதவைத் திறப்பது அறம். திறக்கும்போதே "எப்போது கிளம்புவாய்?" என்று கேட்பதும், ஆள் பார்த்துத் திறப்பதும் அறமல்ல, வெறும் கணக்கு வழக்கு. 'தற்காலிகப் பாதுகாப்பு' என்னும் கொள்கையின் முப்பதாண்டு வரலாறு பெரும்பாலும் இந்தக் கணக்கு வழக்காகவே இருந்து வருகிறது.

1992இல் போஸ்னியாவில் போர் மூண்டபோது ஜெர்மனி ஏறத்தாழ 3,50,000 பேருக்கு இடமளித்தது. நன்றியுடன் நினைவுகூர வேண்டிய செயல் அது. ஆயினும் அவர்களில் பெரும்பாலோர் அகதிகளாக ஏற்கப்படவில்லை. வெளியேற்றாமல் பொறுத்துக்கொள்ளப்பட்டனர், அவ்வளவே. 1995இல் டேட்டன் உடன்பாடு கையெழுத்தானதும் திரும்பிச் செல்லுமாறு நெருக்கடி தொடங்கியது. பலருக்குத் திரும்பிச் செல்ல வீடு இல்லை. அவர்களை விரட்டியவர்களின் ஆட்சியே அவ்வூர்களில் நிலைபெற்றிருந்தது.

போஸ்னியாவும் கோசோவோவும் கற்பித்த பாடத்தால், 2001 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. பெருந்திரளாக வருவோரை ஒவ்வொருவராக விசாரித்துக் காலம் கடத்தாமல், மொத்தமாகப் பாதுகாப்பு அளிக்கலாம். தங்குமிடம், வேலை, மருத்துவம், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றை வழங்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அது இருபது ஆண்டுகள் உறங்கியது.

2015இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் வழியாக ஐரோப்பாவை அடைந்தனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் சிரியர்கள். அவ்வாண்டில் மட்டும் 3,500க்கும் மேற்பட்டோர் மத்தியதரைக் கடலில் மாண்டனர். அப்போதும் அச்சட்டம் விழிக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. மார்ச் 4 அன்று சட்டம் விழித்தெழுந்தது. எட்டே நாள்!

உக்ரைனியருக்கு அளித்தது தவறு என்று நாம் கூறவில்லை. அவர்களும் குண்டுக்கு அஞ்சி, குழந்தைகளைச் சுமந்து வந்தவர்களே. எட்டு நாளில் முடியும் என்று அவர்கள் விஷயத்தில் நிரூபித்தவர்கள், சிரியர் விஷயத்தில் முடியாது என்று ஏன் இருந்தார்கள் என்பதே நம் கேள்வி. "உக்ரைன் அண்டை நாடு" என்பார்கள். அண்டை நாட்டாருக்கு மட்டுமே என்று அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை.

சகோதரர்களே, விரலை ஐரோப்பாவை நோக்கி மட்டும் நீட்டிவிட்டு நிம்மதியாக உறங்க நமக்கும் உரிமை இல்லை. துருக்கி 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்களை ஏற்றது. வேறெந்த நாடும் அவ்வளவு சுமக்கவில்லை. அல்லாஹ் அதற்கு நற்கூலி தருவானாக! எனினும், ஐரோப்பாவிலிருந்து வருவோரையே அகதிகளாக ஏற்பது என்ற பழைய வரம்பைத் துருக்கி இன்னும் நீக்கவில்லை. ஆகவே சிரியர்கள் முதலில் 'விருந்தினர்' ஆனார்கள். 2014 முதல் 'தற்காலிகப் பாதுகாப்பில்' உள்ளவர்கள் ஆனார்கள். முறையாக வேலை செய்யும் அனுமதிக்கு 2016 வரை காத்திருந்தார்கள். செல்வம் கொழிக்கும் சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இன்றுவரை சேரவே இல்லை. விருந்தினர் என்பது இனிய சொல். ஆனால் விருந்தோம்புபவரின் மனம் மாறினால், விருந்தினருக்கு வழக்காட இடமில்லை.

2024 டிசம்பர் 8 அன்று அசதின் ஆட்சி வீழ்ந்தது. மறுநாளே ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகள் சிரியரின் அடைக்கல மனுக்கள் மீதான முடிவுகளை நிறுத்தி வைத்தன. இடிந்த வீட்டின் புழுதி அடங்குமுன்னே, தங்கியிருக்கும் நாள்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

நம் முன்னோரின் முதல் ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். மக்காவின் கொடுமையிலிருந்து தப்பியவர்களுக்கு அடைக்கலம் தந்தவர் அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி. குறைஷியர் பரிசுகளுடன் தூதர்களை அனுப்பி, அவர்களை ஒப்படைக்கக் கேட்டனர், மன்னர் மறுத்தார். ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் ஹிஜ்ரி 7இல், கைபர் வெற்றியின்போதுதான் மதீனா வந்து சேர்ந்தனர். பத்தாண்டுக்கு மேல்! திரும்பும் நாளை நிர்ணயித்தவர் மன்னர் அல்லர், அடைக்கலம் பெற்றவர்களே.

அவசரத்தில் கதவைத் திறக்கத் தற்காலிகப் பாதுகாப்பு நல்ல வழிதான். ஆனால் அது எல்லாப் போருக்கும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும். ஆண்டுகள் கடந்தால் நிலையான உரிமையாக மாற வேண்டும். ஊர் திரும்புவது விருப்பத்தால் நிகழ வேண்டும்; நெருக்கடியால் அல்ல. இம்மூன்றும் இல்லாத பாதுகாப்பு, குழந்தையை உறங்க வைத்துவிட்டு அதன் அருகே கடிகாரத்தை வைப்பது போன்றது.

வீடிழந்த ஒவ்வொருவருக்கும், அவர் எம்மதத்தவராயினும், அச்சமற்ற இல்லத்தை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.