"ஓம், ஓம்" என்றால் கேட்டதாகிவிடுமா?

"நான் மற்றவர் சொல்வதை நன்றாகக் கேட்பேன்." வேலை விண்ணப்பத்தில் இந்த வரியை எழுதாதவர் குறைவு. அலுவலகத்தின் ஆண்டு மதிப்பீட்டிலும் இதற்குத்தான் நமக்கு நாமே தாராளமாகப் புள்ளி போடுகிறோம். அந்தப் புள்ளி செல்லாது என்கிறேன் நான். பொய் சொல்கிறோம் என்பதற்காக அல்ல. தவறவிட்டது எது என்று கேட்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அவர் அதைத் தவறவிட்டிருக்கமாட்டாரே! புள்ளி போடவேண்டியது பேசின ஆள்.

1977 மார்ச் 27, தெனரீஃப் விமான நிலையம், மூடுபனி. கேஎல்எம் விமானி ஓடுபாதையில் தாங்கள் புறப்படும் நிலையைச் சொல்கிறார். கட்டுப்பாட்டாளர் முதலில் சொன்ன பதில் "ஓகே". சொன்னதை ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் வேறு மாதிரியும் விளங்கிக்கொண்டார்கள். இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. ஆனால் அதற்குப் பிறகு வானொலிப் பேச்சு விதிகளை இறுக்கினார்கள்: முக்கியமான கட்டளைக்கு வெறும் "ஓகே" போதாது, திருப்பிச் சொல்லவேண்டும்.

நம் வீட்டு "ஓகே"தான் இந்த "ஓம், ஓம்".

"எனக்குத் தமிழ் எல்லாம் விளங்கும், கதைக்கத்தான் வராது" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்! சரி, அம்மம்மா "ஒரே அந்தரமாக் கிடக்குது பிள்ளை" என்கிறா. அந்தரம் என்றால் என்ன? பயமா, மனக்குழப்பமா, இருப்புக்கொள்ளாத தவிப்பா, மூச்சு முட்டுகிறதா? ஆளையும் நேரத்தையும் பொறுத்து மாறும் சொல் அது. டொக்டரிடம் மொழிபெயர்க்கப் போகிற பேரப்பிள்ளை "ஸ்ட்ரெஸ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், டொக்டருக்குக் கிடைப்பது பேரப்பிள்ளையின் ஊகம். அம்மம்மா சொன்னது அந்த அறைக்குள் போய்ச் சேரவே இல்லை. பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், எல்லாம் விளங்கினது என்றுதான் சொல்லும்.

பெற்றோரையும் சும்மா விடமுடியாது. தமிழில் "கேள்" என்றால் செவிகொடு, வினவு, கீழ்ப்படி, மூன்றும்தான். "சொல்லுக் கேளாத பிள்ளை" என்று பட்டம் கட்டும்போது பெரும்பாலும் மூன்றாவதைத்தான் அளக்கிறார்கள். முழுவதையும் கவனமாகக் கேட்டுவிட்டு "எனக்கு எஞ்சினியரிங் வேண்டாம்" என்கிற பிள்ளைக்கும் பூச்சியம். இது என்ன நியாயம்? பேசினவர் புள்ளி போடலாம், ஆனால் உடன்படாததற்குப் புள்ளி வெட்ட முடியாது.

இதற்கு 1952இலேயே உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் ஒரு வழி எழுதிவைத்தார். வாக்குவாதத்தில் உன் கருத்தைச் சொல்லமுதல், மற்றவர் சொன்னதை அவரே "ஓம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல். அதன்பிறகு தாராளமாக மறுக்கலாம். அப்பாவுக்கும் இதே விதிதான்.

செயற்கையாக இருக்கும், நேரம் போகும் என்பீர்கள். விமானிகள் இதைச் சில விநாடிகளில் செய்கிறார்கள்.

அடுத்தமுறை அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது காரிலேயே தொடங்குங்கள். அந்தரம் என்றால் நெஞ்சிலா, மனதிலா? எப்போதிருந்து? படுத்தால் கூடுதா? அவ சொன்னதை உங்கள் அரைகுறைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லுங்கள். அவ தலையாட்டின பிறகு டொக்டரின் அறைக்குள் போகலாம்.