பத்தாம் வகுப்பும் பக்கத்துப் பெஞ்சும்

காலை எட்டு மணி. குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஒரு மாணவி குரல் கொடுக்கிறாள். "ஏய், கெளம்பிட்டியா? நேரமாச்சுடி!" ஒற்றை ஜடையோடு இன்னொருத்தி ஓடி வருகிறாள். அடுத்த ஜடையை நடந்துகொண்டே தோழி பின்னி விடுகிறாள். அம்மா விடியும் முன்பே மீன் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயாயிற்று. அப்பா கடலில். தோழி இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் பள்ளிக்கு வந்திருப்பாளா என்பதே சந்தேகம்!

நட்பு என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி வைத்தால் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் போதும், வீட்டில் முதல் அறிவுரை என்ன தெரியுமா? "இந்த ஒரு வருஷம் சேர்க்கையை விட்டுடு. அப்புறம் காலம் பூரா பேசிக்கலாம்." சில பள்ளிகளில் மதிப்பெண்ணைப் பார்த்து செக்ஷன் பிரிக்கிறார்கள். ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் ஒரே நாளில் வேறு வேறு அறைக்குப் போகிறார்கள்.

இது சரியா? சற்று யோசித்துப் பாருங்கள்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் பல காலமாகத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றி வந்தன. 2023-24 கல்வி ஆண்டில் 6 முதல் 9 வரையும் 11-ம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. வந்தது. அடுத்த ஆண்டு 10-க்கும் 12-க்கும் வந்தது. 2025-ல் பொதுத்தேர்வு எழுதிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து அதற்கு மாறியதே ஒன்பதாம் வகுப்பில்தான். அதுவரை தமிழில் 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த பிள்ளை திடீரென்று 'போட்டோசிந்தசிஸ்' என்று படிக்க வேண்டும். ட்யூஷனுக்குப் பணம் இருக்கிற வீடு சமாளித்துக்கொள்ளும். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்துப் பெஞ்சுதான்! "இது ஒண்ணுமில்லடா, நாம எட்டாவதுல படிச்சதுதான்" என்று தமிழில் சொல்லிக் கொடுக்கும் நண்பனுக்கு எந்த ட்யூஷன் ஈடாகும்? சொல்லிக் கொடுக்கிறவனுக்கும் நஷ்டமில்லை. அடுத்தவனுக்குப் புரிய வைக்கும்போதுதான் தனக்குப் புரிந்தது எவ்வளவு என்றே தெரியும்.

இந்த ஊருக்கே நட்பின் அருமை தெரியும். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். தமிழாசிரியராக இருந்த கனகசுப்புரத்தினம், நண்பர் வேணு நாயக்கரின் திருமணத்தில் பாரதியின் பாட்டைப் பாடப் போய்த்தான் பாரதிக்கு அறிமுகமானார். பாரதி வயதில் எட்டு ஆண்டுக்குச் சற்று மேல் மூத்தவர். அந்தப் பழக்கத்தில்தான் சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அன்றைக்கு யாராவது அவரிடம் "சேர்க்கையை விடு" என்று சொல்லியிருந்தால்?

கெட்ட சகவாசம் இல்லையா என்று பெற்றோர் கேட்கலாம். இருக்கிறது. 'சேர்ந்து படிக்கிறோம்' என்று போய் செல்போனில் மூழ்குகிறவர்களும் உண்டு. வள்ளுவரே தீ நட்பு, கூடா நட்பு என்று இரண்டு அதிகாரம் எழுதி எச்சரித்திருக்கிறார். ஆனால் அதற்கு முன்னால் நட்பு, நட்பாராய்தல், பழைமை என்று மூன்று அதிகாரம் வைத்திருக்கிறாரே! பெரியவர்களுக்குக் கடைசி இரண்டு மட்டும்தான் நினைவிருக்கிறது. ஆராய்ந்து பழகச் சொன்னார் வள்ளுவர். பழகவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். 'போதும், படிச்சது' என்று ஒரு பெண்ணை வீட்டில் நிறுத்திவிடும் அபாயம் இந்த இடத்தில்தான் அதிகம். அவள் ஏன் வரவில்லை என்ற காரணம் வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது, தோழிக்குத் தெரியும். "அவ கூட நானும் போறேன், அனுப்புங்க அத்தை" என்று வாசலில் நின்று கேட்கிற துணிச்சலும் தோழிக்குத்தான் வரும்.

எனவே பெற்றோர் பிள்ளையின் நண்பர்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கட்டும். யார் எப்படி என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பள்ளிகள் மதிப்பெண் பார்த்து வகுப்பைப் பிரிப்பதை விட்டுவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்கட்டும். முன்பெல்லாம் குப்பத்துப் பிள்ளைகள் கூடிப் பேச மணல் இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர் வந்த பிறகு வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டது, கரை அரித்தது, அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். கூடிப் பேச மணலும் இல்லை, வகுப்பறையும் பூட்டிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த மதிப்பெண்ணை ஒருவர் மட்டும் வாங்கியிருக்க மாட்டார் என்பது படித்து முடித்த எல்லோருக்கும் தெரியும் தானே?