நியூட்ரலில் இறங்கும் சிக்கனம்

ஊவா மலைகளில் வாகனம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மதம் என்றே சொல்லிவிடலாம். இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட வேண்டும், வண்டி தன் பாட்டில் உருளும், பெற்றோல் மிச்சமாகும் என்பதே அந்த மதத்தின் ஒரே வேதவாக்கு. முச்சக்கரவண்டிச் சாரதி, லொறிக்காரர், பட்டதாரி ஆசிரியர், வங்கி அலுவலர் என்று சாதி மத பேதமின்றி எல்லோரும் இதில் ஒன்றுபடுகிறார்கள். தீவிர பக்தர்கள் சிலர் திறப்பையே திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குகிறார்கள். இந்தச் சிக்கனம் பொய் என்பதோடு, ஆட்களைக் கொல்லவும் வல்லது என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். கார்புரேட்டர் காலத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் கால எஞ்சினில் பெற்றோலை அளந்து விட மூளை எதுவும் கிடையாது. சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுழற்றினால் அது காற்றை இழுக்கும், காற்றோடு பெற்றோலும் சேர்ந்து போகும். அறுபதுகளின் மொரிஸ் மைனர் ஓட்டியவர்கள் கண்டுபிடித்த தந்திரம் அப்படியே தகப்பனிடமிருந்து மகனுக்கும் சாரதியிடமிருந்து கிளீனருக்கும் இறங்கி வந்துவிட்டது. எஞ்சின் மாறியது. தந்திரம் மாறவில்லை.

கடந்த கால் நூற்றாண்டில் தயாரிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லாப் பெற்றோல் கார்களிலும் இன்ஜெக்டர்தான் பெற்றோலைப் பீய்ச்சுகிறது. அதை ஒரு மின்னணுக் கருவி கட்டுப்படுத்துகிறது. கியரில் இருக்கும்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன என்பதை அந்தக் கருவி உணர்ந்து, பெற்றோலை முற்றாக நிறுத்திவிடுகிறது. குறைப்பது அல்ல, நிறுத்துவது. சுழற்சி வெகுவாகக் குறைந்து எஞ்சின் நின்றுவிடும் நிலை நெருங்கும்போதே மறுபடி திறக்கிறது. நியூட்ரலுக்குத் தள்ளினால் என்ன நடக்கும்? எஞ்சினைச் சுழற்ற ஆள் இல்லை. அது தன்னைத்தானே உயிரோடு வைத்திருக்கப் பெற்றோல் குடித்தாக வேண்டும். சிறிய எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு அரை லீற்றருக்கு மேல் போகும். ஆக, பெற்றோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து, செலவே இல்லாத இறக்கத்தில் வலிந்து செலவு செய்துகொண்டிருக்கிறார்கள் நம் சிக்கனக்காரர்கள்.

என் வாகனம் நிசான் சன்னி, எப்.பி. 15 வகை, ஐந்து கியர் மனுவல். (நண்பர்கள் அதைச் சனி என்றே அழைக்கிறார்கள். பிடித்த சனி விடாது என்பதற்கு இத்தனை ஆண்டுகளில் அது போதிய ஆதாரம் தந்திருக்கிறது.) காலையில் பண்டாரவளையிலிருந்து கும்பல்வெல, தெமோதரை, ஹாலி-எல வழியாகப் பதுளைக்கு இறக்கம். மாலையில் அதே வழியாக ஏற்றம். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பதுளை ஏறத்தாழ 680. ஒவ்வொரு மாலையும் என்னையும் சேர்த்து ஆயிரத்து நூறு கிலோவை 550 மீற்றர் உயரத்துக்குத் தூக்குகிறது அந்தக் கார். எஞ்சினின் திறனை நூற்றுக்கு இருபத்தைந்து என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், தூக்குவதற்கு மட்டுமே முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவான பெற்றோல் தேவை. தூரத்தைக் கடப்பதற்கான செலவு தனி. விளம்பரத்தில் ஒரு லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அச்சடிக்கிறார்களே, அந்த எண் இந்த மலையைப் பார்த்ததே இல்லை.

ஏற்றத்தில் கொடுத்த அந்த முக்கால் லீற்றரில் ஒரு பங்கையாவது திருப்பி வாங்க இறக்கம் ஒன்றுதான் வழி. கியரில், காலை எடுத்துவிட்டு, பெற்றோல் பூச்சியத்தில் இறங்கினால் வாங்கலாம். மூன்றாம் கியர், வளைவு இறுகினால் இரண்டாம் கியர். எந்த கியரில் ஏறுவாயோ அதிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். பெற்றோலை நினைத்து அவர்கள் அதைச் சொல்லவில்லை, உயிரை நினைத்துச் சொன்னார்கள். இன்ஜெக்டர் வந்தபின் இரண்டுக்கும் அதுவே விடை.

என் சக பத்திரிகையாளர் ஒருவர் இந்த வாதத்தை ஏற்கவில்லை. கியரில் இறங்கினால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கிறது, நியூட்ரலில் வண்டி இன்னும் நெடுந்தூரம் உருளும், அந்தத் தூரமும் லாபம்தானே என்பது அவர் கட்சி. அநுராதபுரத்துக்குப் போகும் வழியில் மெல்லிய சரிவு ஒன்று இரண்டு கிலோமீற்றர் நேராக நீண்டு கிடக்குமானால் அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கலாம். தெமோதரையில் அப்படி எந்தச் சரிவு இருக்கிறது? நூறு மீற்றருக்கு ஒரு வளைவு. நியூட்ரலில் சேர்த்த வேகம் முழுவதையும் அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கில் கொட்டிவிட வேண்டும். சேர்ப்பதும் கொட்டுவதுமாகப் பதுளை வரை போகிறார். பிரேக் பட்டைகளை என்னைவிட இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றுகிறார். அந்தச் செலவு அவருடைய பெற்றோல் கணக்கில் வருவதில்லை.

பட்டை தேய்வது சிறிய நட்டம். பெரிய நட்டம் வெப்பம். உயரத்திலிருந்து இறங்கும் வண்டியின் சக்தி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். எஞ்சின் அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் வாங்குகிறது. வாங்கி வெப்பமாக மாற்றுகிறது. பண்டாரவளையிலிருந்து பதுளை வரை என் சிறிய கார் இறங்கும்போது வெளிவிடும் சக்தி, பதினேழு லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பாதியைக் காற்றும் வீதியும் எடுத்துக்கொண்டன என்றே வைத்துக்கொள்வோம். மீதி எட்டு லீற்றரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தாங்க வேண்டும். ஆட்களோடு பத்துத் தொன் எடையுள்ள பஸ்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் எழுபது எண்பது லீற்றர் வரும். தேநீர்க் கடைக்காரரிடம் கேளுங்கள், அவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கட்டு விறகு என்று சொல்வார்.

சூடேறிய பட்டை பிடியை இழக்கும். அதற்கு மேலும் சூடேறினால் பிரேக் திரவம் கொதிக்கும். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 4 தரத்துக்கு நியமம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஊறியபின் 155. நமது பக்கத்துப் பனியிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத திரவம் எந்த நிலையில் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கொதித்த திரவத்தில் குமிழி வரும். குமிழி வந்தால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. எஞ்சினையும் நிறுத்திவிட்டு இறங்குகிறவருக்கு இன்னொரு பரிசும் உண்டு: பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கும் அதிகமானோர் இறந்தனர். சரிந்து விழுந்த பாறையொன்று அங்கே வீதியின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் விழுந்து 15 பேர் இறந்தனர். எல்லயிலிருந்து வெல்லவாய வரை அந்த வீதி எண்ணூறு மீற்றருக்கும் அதிகமாக இறங்குகிறது. இவ்விரண்டு விபத்துகளையும் நியூட்ரலின் கணக்கில் எழுதுவது என் நோக்கமன்று. ஆனால் இந்த வீதிகளில் ஒரு கணத் தவறுக்கு மறுவாய்ப்புக் கிடையாது என்பதை அறிந்த பின்னும், பத்து ரூபாய்ப் பெற்றோலுக்காக வண்டியின் ஒரு பிடியைத் தாமாகவே கழற்றி வைக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பத்து ரூபாயைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை என்று யாராவது சொல்லலாம். சொல்ல இடமுண்டு. 2022 தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் அவ்வாண்டு ஜூன் இறுதியில் 470 ரூபாய் ஆனது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதுவும் 2021இல் வர்த்தமானி போட்டுப் பெற்றது. ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்தால் இரண்டு லீற்றர் பெற்றோல். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த ஐந்து லீற்றரை வைத்துக்கொண்டு மடுல்சீமையிலிருந்து நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த சாரதி இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தினார் என்றால் அவரைத் திட்ட என் வாய் எழவில்லை. பெரும்பாலான முச்சக்கரவண்டிகளில் இன்னும் கார்புரேட்டர்தான் என்பதால் அவருக்குச் சில துளிகள் மிச்சமாகியும் இருக்கும். நான் திட்டுவது, இன்ஜெக்டர் கார் வைத்திருந்தும் நியூட்ரலில் இறங்கி, அதைச் சாமர்த்தியம் என்று பிறருக்கும் போதிக்கிறவர்களை. அவர்களைப் பார்த்துத்தான் முச்சக்கரவண்டிக்காரரும் பஸ் சாரதியும் தாங்கள் செய்வது சரியென்று நினைக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், இன்னுமா மனுவல், ஒட்டோ ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த கதவின் வாசலில் நிற்கும் வரிகளைப் பார்த்தால் சனியே சுபமாகத் தெரிகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். ஒட்டோ வாகனத்திலும் கீழ்நிலைக் கியர் உண்டு, இறக்கத்தில் அதைப் போட வேண்டும். போடுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நெம்பை ஓட்டும் நிலையிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக் விளக்கை எரியவிட்டபடி எல்லயிலிருந்து இறங்குகிறார்கள். ஹைபிரிட் இறக்கத்தில் மின்சாரம் சேர்க்கும் என்பது உண்மை. அதன் சிறிய பற்றரி நீண்ட இறக்கத்தின் பாதியிலேயே நிரம்பிவிடும் என்பதும் உண்மை. மனுவலின் பெருமை, கையில் உள்ள கியர் எது என்பதைச் சாரதி எப்போதும் அறிந்திருப்பதே. அதை நியூட்ரலில் போட்டு ஓட்டுகிறவர், இருந்த ஒரே பெருமையையும் கழற்றிவிட்டார்.

சரி, உண்மையில் பெற்றோல் எங்கே போகிறது? பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்புங்கள். நமுனுகுலைப் பக்கமோ லுணுகலைப் பக்கமோ, லயன்களை நோக்கி ஏறும் கல்வீதியில் முதலாம் கியரை விட்டு மாற முடியாது. நாலு கிலோமீற்றர் முதலாம் கியரில் உறுமி ஏறும் வண்டிக்கு, காலை முழுவதும் சேர்த்த சிக்கனம் எந்த மூலைக்கு? தோட்டத்து வண்டிக்காரர் இறக்கத்தில் துளித்துளியாகச் சேர்ப்பதை இந்தக் கற்கள் குடம் குடமாகக் குடிக்கின்றன. குழந்தையின் காய்ச்சலுக்கு முச்சக்கரவண்டி பிடிக்கும் தாய் கொடுக்கும் வாடகையில் அந்தப் பெற்றோலும், உடைந்த ஸ்பிரிங்கும், தேய்ந்த டயரும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்த வீதிகள் இப்படிக் கிடப்பது இயற்கையின் செயல் அல்ல. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. உள்வீதி கம்பனியின் கணக்கில் என்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவோ தோட்டப் பகுதிக்குச் சபைப் பணம் செலவிடத் தடையாக நின்றது. கம்பனி சபையைக் காட்டியது, சபை சட்டத்தைக் காட்டியது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. மேடைகளில் அதற்கு மாலை மரியாதையெல்லாம் நடந்தது. அதன்பின் நான் போய்வரும் தோட்டங்களில் கல் அதே கல்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து பல இடங்களில் அந்தக் கல்லையும் மண்ணோடு கொண்டுபோனது.

எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று தொலைக்காட்சியில் வந்து சொல்கிறவர்கள் சாரதியின் காலைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கால் எந்த வீதியை மிதிக்கிறது என்று பார்ப்பதில்லை. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் இருக்கின்றன. திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் உங்கள் தோட்டத்துக்கு எத்தனை கிலோமீற்றர் வீதி, எந்த ஆண்டில், எவ்வளவு பணம் என்று அந்த உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து கையில் இருக்கிறது. விண்ணப்பத்தைக் கொடுக்கப் போகும் வழியில் இறக்கம் வந்தால் இரண்டாம் கியரில் இறங்குங்கள்.