மண்ணின் வாயும் மோட்டாரின் காதும்

பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் இடையே நமது நண்பர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. சென்ற மாதம் அங்கே இரண்டு நாள் விருந்தாளியாகத் தங்கினோம். நள்ளிரவில் தோப்பின் கோடியிலிருந்து 'உர்' என்று ஓர் உறுமல் கிளம்பவே, காட்டிலிருந்து ஏதோ இறங்கிவிட்டதென்று எழுந்து உட்கார்ந்தோம். "ஒண்ணுமில்லீங்க, மோட்டாருங்க. நின்ன கரண்டு வந்திருச்சு, அதுவே ஓட ஆரம்பிச்சிருச்சு. நீங்க படுங்க" என்று சொல்லிவிட்டு நண்பர் குறட்டையைத் தொடர்ந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழையிலே தோப்புக்குத் தண்ணீர்! நமக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

நீர் இறைக்கும் கமலையைக் 'கவலை' என்றும் சொல்வதுண்டு. மாடு பூட்டிய அந்தக் கவலை ஒழிந்து மோட்டார் வந்தபோது வேறு கவலை வந்து சேர்ந்தது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த ஆண்டுகளில், குடியானவர் அகாலத்தில் எழுந்து, டார்ச் விளக்கும் கையுமாக, பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சிக் கிணற்றடிக்கு நடந்தார். பிறகு கைபேசியால் மோட்டாரை முடுக்கும் பெட்டி வந்தது. மின்சாரம் வந்தவுடன் தானே முடுக்கிக்கொள்ளும் பெட்டியும் வந்தது. இந்த வசதியை நாம் குறை கூறமாட்டோம். பாம்புக் கடியிலிருந்து ஓர் உயிர் தப்பினாலும் லாபமே. ஆனால் கிணற்றடிக்கு நடந்தவர் கிணற்றையும் எட்டிப் பார்த்தார். பாத்தியில் கால் வைத்தபோது மண்ணின் ஈரத்தையும் அறிந்தார். இன்று அவ்விரண்டும் அருகிவிட்டன. பாசன மின்சாரத்துக்குத் தமிழ்நாட்டில் கட்டணமில்லையாதலால், பில் வந்து எச்சரிக்கும் என்பதற்கும் இடமில்லை. ஆழ்குழாய்க் கிணறுகளோ பல இடங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிக் கீழே போய்விட்டன.

இந்த நோய்க்குக் கோயமுத்தூரிலேயே பாதி மருந்து இருக்கிறது. 1912-ல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தார் மண் ஈரங்காட்டி ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கையில் அடங்கும் கருவி. அதன் இரண்டு கம்பிகளையும் மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலமானால் ஈரம் தாராளம், பச்சையானால் போதுமானது, ஆரஞ்சானால் தண்ணீர் பாய்ச்சலாம், சிவப்பானால் உடனே பாய்ச்ச வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படித்துவிடலாம். குறை ஒன்றுதான்: மனிதர் போய்க் குத்திப் பார்த்தாலொழிய அது எதுவும் சொல்லாது. மோட்டார்ப் பெட்டிக்குக் காது உண்டு, விவேகமில்லை. ஈரங்காட்டிக்கு விவேகம் உண்டு, வாயில்லை. இவர்களுக்குக் கலியாணம் செய்துவைக்கத் தரகர் ஒருவர் வேண்டும். அவர்தான் குறுந்தூர ரேடியோ.

ரேடியோ என்றதும் பாட்டுப் பெட்டியை நினைக்கவேண்டாம். இது விரல் நுனியில் வைக்கக்கூடிய சில்லு. காசு வடிவமான சிறு பாட்டரி ஒன்றே இதற்கு ஆகாரம். கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்கி ஒரு நாள் விழித்தான். இச்சில்லு அரை மணி தூங்கி, ஒரு விநாடியில் சிறு பங்கு மட்டும் விழித்து, "ஈரம் இவ்வளவு" என்று கூறிவிட்டு மறுபடி தூங்கும். அந்தப் பாட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி சரக்கு இருக்கும். தூக்கத்தில் செலவு 5 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி, அதாவது ஐந்து வருஷம் ஓடும். வாய் திறந்தாலோ செலவு ஆயிரக்கணக்கான மடங்கு ஏறிவிடுகிறது. ஆகையால் பேச்சு கூடக்கூட ஆயுள் குறையும். மேடைப் பிரசங்கிகளுக்கு இந்த விதி பொருந்துவதாகத் தெரியவில்லை.

இவ்வினத்தில் பல சாதிகள் உண்டு. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயரைத் தாங்கிய புளூடூத் வீட்டுக்குள் உலவுவதற்கு ஏற்றது. தேனீயின் நடனத்தை நினைத்துப் பெயரிட்ட ஜிக்பீ, ஒரு கருவியின் சேதியை அடுத்த கருவி வாங்கிக் கைமாற்றும் வித்தை அறிந்தது. இரண்டும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுவன. 2005 முதல் நம் நாட்டில் அந்த அலைவரிசையில் சிறு சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வானொலி கேட்பதற்கே லைசென்ஸ் வாங்கிய தலைமுறைக்கு இது வியப்பாயிருக்கும். அந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஈர இலைகள் அதை எளிதில் விழுங்கிவிடும். 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி உலவும் லோரா என்பதன் அலை சுமார் 35 சென்டிமீட்டர். அது சோலைகளைக் கடந்து கிலோமீட்டர் கணக்கில் செல்லும். சிம் அட்டையும் மாத வாடகையும் வேண்டியதில்லை.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எட்டிமடையில் தலைமையகம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தார், ஆனைமலைத் தொடருக்கு அப்பால் மூணாறு அந்தோணியார் காலனிச் சரிவில் துளையிட்டு, மண்ணுக்குள் நீரழுத்தத்தை அறியும் கருவிகளை இறக்கினார்கள். அவற்றின் சேதியைச் சிறு ரேடியோக்கள் வாங்கிக் கைமாற்ற, பிறகு அது செயற்கைக்கோள் வழியே ஆராய்ச்சிசாலைக்குப் போயிற்று. 2009 ஜூலை மழையில் அந்த அமைப்பு நிலச்சரிவு அபாய எச்சரிக்கையும் கொடுத்தது. மலையின் மனத்தை அறிய முடிந்தால், தோப்பின் தாகத்தை அறிய முடியாதா?

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறோம். குறுந்தூரத்துக்குக் கம்பியில்லாமல் சேதி அனுப்பும் வித்தையை 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் காட்டினார். அவர் எழுப்பிய அலை தூரத்திலிருந்த மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. கோவை ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-ல் அறிவித்தார். இன்று மோட்டாரும் பம்பும் கோயமுத்தூரில் வார்க்கப்படுகின்றன. அவற்றுக்குக் காது தரும் அரிசியளவுச் சில்லு மட்டும் பெரும்பாலும் கடல் கடந்து வருகிறது.

காலையில் நண்பரின் மருமகன் வந்தான். கோவையில் என்ஜினீயரிங் படிப்பவன். மாமனின் தோப்பில் இரண்டு முறை பரீட்சை செய்திருக்கிறான். முதல் தடவை 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி, வெயிலில் நன்றாகப் பேசியது. மழையில் ஓலைகள் நனைந்ததும் ஊமையாகிவிட்டது. இரண்டாவது லோரா; ஈரம் இருந்தால் மோட்டாரை ஓடவிடாமல் தடுத்தது. அப்படியானால் முந்தைய இரவு ஏன் ஓடிற்று என்று கேட்டோம். நண்பர் தலையைச் சொறிந்தார். தடுப்பது பிடிக்காமல் அவரே அதைக் கழற்றி வைத்துவிட்டாராம்.

"எந்தோப்புக்குத் தண்ணி வேணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

"தெரியுமுங்க மாமா. ராத்திரி எந்திரிச்சுப் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டான் பையன்.

நண்பர் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பின் இருவரும் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள்.