விடைத்தாளில் மாணவர் எங்கே?

ஒரு பாடலைப் படித்த மாணவரிடம் நம் பள்ளிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றே. பாடலின் மையக்கருத்து யாது? அதில் பயின்று வரும் அணி எது? கவிஞர் வலியுறுத்தும் நீதி யாது? நாவல் பகுதியோ சிறுகதையோ ஆனால், பாத்திரத்தின் பண்பு நலன்களை விளக்குக என்பது நான்காவதாகச் சேர்ந்துகொள்ளும். இக்கேள்விகளில் குற்றமில்லை. இவற்றுக்கு வரும் விடைகளைத்தான் பார்க்க வேண்டும். நாற்பது பேர் அமர்ந்து எழுதிய அறையிலிருந்து விடைத்தாள்கள் நாற்பது வருகின்றன. விடை ஒன்றுதான் வருகிறது. அதே முன்னுரை, அதே உட்தலைப்புகள், முடிவுரையில் அதே குறள். எழுதியவர் யார் என்பதைப் பதிவெண்ணைக் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது. இதற்கு இலக்கியக் கல்வி என்று பெயர் சூட்டுவதை நாம் மறுக்கிறோம்.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணியிலிருந்து ஒரு பகுதி இடம்பெற்றிருக்கிறது. வீரமாமுனிவர் 1726இல் நிறைவு செய்த அக்காப்பியத்தில் 3615 பாடல்கள் உண்டு. பாடத்துக்கு எடுக்கப்பட்டவை அவற்றுள் மிகச் சில. திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயரிட்டு, கானகத்தில் தன் தாய் எலிசபெத்தை இழந்து அவன் புலம்புவதைப் பாடுகிறார் முனிவர். பூக்களும் பறவைகளும் மரங்களும் அவன் துயரில் பங்கேற்கின்றன. உரைநூல்கள் இதற்கு எழுதித் தரும் விடையை நாம் அறிவோம்: உவமைகள் இன்னின்ன, உருவகங்கள் இன்னின்ன, இயற்கையும் அழுதது என்பது கவிஞரின் கற்பனைத் திறம்.

இப்பகுதிக்குத் தன் தாயை இழந்த ஒரு மாணவி எழுதிய விடையைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உவமைகள் அழகாக இருக்கின்றன, ஆனால் அவை தனக்கு ஆறுதல் தரவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். தாய் இறந்த வீட்டில் யாரும் உவமை சொல்லி அழுவதில்லையாம். ஆயினும் ஓரிடத்தில் கருணையன் தன்னைப் போலவே அழுகிறான் என்று அவள் கண்டிருந்தாள். உணவு தேடும் வகையும் காட்டில் நடக்கும் வழியும் தெரியாத நான் தாயின் கையை மட்டுமே அறிந்திருந்தேனே என்று அவன் கலங்கும் இடம் அது. மறுநாள் அடுப்பை யார் மூட்டுவது என்ற எண்ணமே தன் வீட்டிலும் முதலில் எழுந்தது, அதை நினைத்துத் தான் வெட்கப்பட்டிருந்தாள்; கருணையனும் அதையே நினைத்தான் என்று படித்த பிறகு அவ்வெட்கம் நீங்கியது என்று முடித்திருந்தாள்.

அவ்விடைக்குக் கிடைத்தது ஐந்துக்கு ஒன்றரை. ஓரத்தில் சிவப்பு மையில், அணிகள் குறிப்பிடப்படவில்லை என்ற குறிப்பு.

அக்குறிப்பை எழுதிய ஆசிரியரை இங்கே குறை கூற நாம் முன்வரவில்லை. மதிப்பீட்டுக் குறிப்பில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர் தேடினார். ஆனால் நம் எண்ணத்தில், அந்த வகுப்பில் தேம்பாவணியைப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இத்தாலியத் துறவி தமிழில் எழுதி வைத்த துயரம் ஒரு சிறுமியின் சமையலறை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மதிப்பெண் இல்லை என்றால், அந்த மதிப்பெண் எதை அளக்கிறது?

உரைநூல்களின் மீது பழி போடுவது எளிது. அது முழு நியாயமும் ஆகாது. தலைமுறை தலைமுறையாக மாணவர் கையில் இருந்துவரும் தமிழ் உரையை முதலில் எழுதிய ஐயம்பெருமாள் கோனார், திருச்சி தூய வளனார் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர். அருஞ்சொல்லுக்குப் பொருளும் பாடலுக்குப் பதவுரையும் தெரியாத பிள்ளைக்கு உரை ஓர் ஊன்றுகோல்தான். ஊன்றுகோல் நடக்க உதவ வேண்டும். இன்றோ ஊன்றுகோல் தேர்வு மண்டபத்துக்குத் தனியே நடந்து சென்று தேர்வெழுதிவிட்டு வருகிறது. 2018 முதல் தமிழ்நாட்டில் படிப்படியாக வந்த புதிய பாடநூல்கள், படத்தைக் கண்டு சொந்தமாகக் கவிதை எழுதவும், மாணவர் தம் கருத்தை உரைக்கவும் இடம் தந்தன. நல்ல முயற்சி. அடுத்து என்ன நடந்தது? மாணவர் சொந்தமாக எழுத வேண்டிய அக்கவிதையையும் கைடுகள் எழுதிக் கொடுத்தன. டியூஷன் வகுப்புகளில் அதையும் மனப்பாடம் செய்வித்தனர். சொந்தக் கருத்தை ஊர் முழுவதும் ஒரே சொற்களில் ஒப்பிக்கும் விந்தை வேறெங்கேனும் உண்டோ, நாமறியோம்.

அதே பத்தாம் வகுப்பு நூலில் ஜெயகாந்தனின் ‘தர்க்கத்திற்கு அப்பால்’ என்ற கதையும் உண்டு. ரயில் நிலையத்தில் குருட்டுப் பிச்சைக்காரன் ஒருவனுக்குச் சில்லறைக் காசு போடுகிறான் ஒருவன். பிறகு பயணச்சீட்டுக்குப் பணம் போதவில்லை. காசைத் திரும்ப எடுக்கப் போய்த் திருடன் என்ற பழியும் வந்து சேர்கிறது. வண்டியைத் தவறவிடுகிறான். அந்த வண்டியோ விபத்துக்குள்ளாகிறது. தருமம் தலைகாக்கும் என்று ஒரு வரியில் இதற்குக் கருத்து எழுதிவிடலாம், எழுதப்பட்டும் வருகிறது. ஆனால் சிந்திக்கும் பிள்ளை ஒன்று எழுந்து, அந்த வண்டியில் போனவர்களுள் ஒருவர்கூடத் தருமம் செய்யவில்லையா என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? பாடத்தில் இல்லாததைக் கேட்காதே என்பார். மறைக்கல்வி வகுப்பில் இதே கேள்வி எழுந்தால் நாமும் அப்படித்தான் அடக்கிவிடுகிறோம்.

இக்கேள்வி விவிலியத்துக்குப் புதியதன்று. சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெட்டுப் பேர் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படி அல்ல என்று தாமே மறுத்தவர் இயேசு. லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. யோபு நூலோ முழுவதுமே இக்கேள்வியின் மேல் நிற்கிறது. அங்கே ஆயத்த விடைகளோடு வந்த நண்பர்களைத்தான் இறைவன் இறுதியில் கடிந்துகொள்கிறார். கதையின் முடிவை ஏற்காமல் நின்று கேட்கும் மாணவர், கதையை நம்மைவிட ஆழமாகப் படித்தவர். தலைப்பிலேயே தர்க்கத்துக்கு அப்பால் என்று எழுதி வைத்த ஆசிரியர் அத்தகைய வாசகரைத்தான் எதிர்பார்த்திருப்பார் என்று நாம் கருதுகிறோம்.

கதை கேட்டவன் என்ன செய்ய வேண்டும் என்பதற்குச் சாமுவேல் இரண்டாம் நூலில் வரும் நாத்தானைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. ஏழை ஒருவன் மகளைப் போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் தன் விருந்துக்காகப் பறித்த கதையை அவர் தாவீதுக்குச் சொல்கிறார். அரசனுக்குச் சினம் மூள்கிறது. அவன் மரணத்துக்குரியவன் என்று தீர்ப்பளிக்கிறான். அதன் பிறகே அக்கதையில் தன் முகம் இருப்பதை இறைவாக்கினர் சொல்லக் கேட்டு நடுங்குகிறான். சினம் கொண்டிராவிட்டால் அவன் அகப்பட்டிருக்க மாட்டான். நம் தேர்வுமுறையில் பயின்றவராகத் தாவீது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இக்கதையின் மையக்கருத்து பிறர்பொருள் கவராமை, ஏழையின் பண்பு விலங்குகளிடம் அன்பு என்று இரண்டு குறிப்புகள் எழுதி, முழு மதிப்பெண் பெற்று, உரியாவை மறந்து உறங்கப் போயிருப்பார்.

நல்ல சமாரியர் உவமையையும் பாருங்கள். சொல்லி முடித்துவிட்டு, மூவருள் யார் அயலான் என்ற கேள்வியைத் திருச்சட்ட அறிஞரிடமே விட்டுவிடுகிறார் ஆண்டவர்.

நமக்கு நெருங்கிய இன்னொரு நூலைச் சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர் என்பதில் நாம் பெருமை கொள்கிறோம், விழா எடுக்கிறோம். நாவலைப் படிக்கிறோமா என்பது வேறு. பெண்கல்வியை வலியுறுத்தினார் என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. அந்நாவலின் ஞானாம்பாள் ஆணுடை தரித்து நாடாள்கிறாள், நீதிமன்றம் தமிழில் நடைபெற வேண்டும் என்று வாதிடுகிறாள். பிறகு ஆட்சியைத் துறந்து இல்லத்துக்குத் திரும்புகிறாள். இத்தனை அறிவுடையவள் ஆள்வதற்கு ஆணுடை ஏன் தேவைப்பட்டது, பெண் என்று தெரிந்த பின்னும் அரியணையில் ஏன் அமர்ந்திருக்கவில்லை என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டால், முன்சீப் மகிழ்ந்திருப்பார். நூற்றாண்டு விழா மேடையில் இருக்கும் நாம் மகிழ்வோமா?

அச்சம் இங்கேதான் இருக்கிறது. மாணவருக்குச் சொந்த மறுமொழி இருந்தால் அது எங்கே போய் நிற்குமோ என்று பெரியவர்கள் அஞ்சுகிறோம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. துறவறம் பூண்டு பின் அதை விட்டு வெளியேறிய ஒரு தலித் பெண், திருச்சபைக்குள் தான் கண்ட சாதியை எழுதிய நூல் அது. பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாக்கின. வேற்று மொழியினர் படித்தனர். நம் பங்கு நூலகங்களில் அது எத்தனை அலமாரிகளில் இருக்கிறது என்பதை வாசகர்கள் தத்தம் ஊரில் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யோடு பாமாவின் ‘சங்கதி’யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியபோது நம்மில் பலர் சினந்தோம். தில்லியைச் சினந்தது சரியே. நம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி, அந்நூலைப் படித்த மாணவர் ஒருவர் பங்குப் பேரவையில் கேட்டால் அதே நேர்மை நமக்கு இருக்குமா என்பதே கேள்வி.

அப்படியானால் மாணவர் எதை எழுதினாலும் சரிதானா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதில் நாம் கண்டிப்பானவர்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்பது மறுமொழி ஆகாது. பாடநூலில் உள்ள கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதியில், களைத்து வந்த வழிப்போக்கனுக்கு அன்னமய்யா குடிக்கக் கொடுக்கிறான். இதைப் படித்துவிட்டுத் தன் வீட்டு விருந்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் மாணவர் நூலை விட்டுத் தொலைவில் போய்விட்டார். அதற்கு மதிப்பெண் குறைப்பதே முறை. பெயருக்கேற்ற செயல் உடையவன் அன்னமய்யா என்று மட்டும் எழுதுபவர் நூலின் வாசலில் நின்றுவிட்டார். தாகம் தணிந்த பிறகே பெயர் கேட்கப்படுகிறது என்பதைக் கவனித்து, யார், எவர், எந்த ஊர், என்ன ஆள்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் தரும் நாட்டில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று எழுதுபவர் உள்ளே வந்துவிட்டார். நூலில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டு, அது உன்னை என்ன செய்தது என்று சொல், ஏன் என்று விளக்கு. இம்மூன்றையும் கேட்கலாம், இம்மூன்றுக்கும் மதிப்பெண் இடலாம். இதற்கு ஆசிரியருக்கு வேண்டுவது நேரமும் பொறுமையும். ஐம்பது தாள்களை ஒரே மாலையில் திருத்தச் சொல்லிவிட்டு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நிர்வாகத்துக்கு அழகன்று.

பொதுத்தேர்வை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை என்று நம் பள்ளித் தாளாளர்கள் கூறுவர். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மாதந்தோறும் நாமே வைக்கும் தேர்வுகளின் வினாத்தாளை அச்சிடுவது யார்? அதில் ஒரே ஒரு வினாவை, மாதிரி விடை இல்லாத வினாவாக வைக்க எந்த அரசாணை தடையாக நிற்கிறது? பங்குத் திருவிழாவில் நாம் நடத்தும் கட்டுரைப் போட்டிகளுக்கு எந்தக் கல்வித் துறையின் அனுமதி வேண்டும்? தலைப்பை ஒரு மாதம் முன்பே அறிவிக்கிறோம். தந்தையோ ஆசிரியரோ எழுதித் தருகிறார். பிள்ளை மனப்பாடம் செய்து வந்து எழுதுகிறது. குத்துவிளக்கோ டிபன் பாக்ஸோ பரிசாகிறது. எழுதிக் கொடுத்த தந்தைக்கே அதைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகும். அடுத்த திருவிழாவுக்கு வேறு வகையில் நடத்திப் பாருங்கள். ஒரு சிறுகதையை அச்சிட்டு, போட்டி நேரத்தில் கையில் கொடுங்கள். படிக்க அரைமணி, எழுத ஒரு மணி. பெற்றோர் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கட்டும். தாள்களைத் திருத்த, தமிழ் ஆசிரியர் ஒருவரோடு தமிழ் ஆசிரியர் அல்லாத இருவரையும் அமர்த்துங்கள்; கதைகளை விரும்பிப் படிக்கிற ஒரு செவிலியர், ஒரு நெசவாளர், யாராயினும் நன்று. பரிசு பெற்ற தாளைத் திருத்தாமல், பிழைகளோடு அப்படியே பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.